அறிமுகமும் சமத்துவமும்: தமிழகச் சிறுநகரக் காப்பிக் கடையில் வாடிக்கையாளர்

1. கேள்வியும் எல்லையும்

சிறுநகரக் காப்பிக் கடையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி சுவையைப் பற்றியது. பாலின் திடம், டிகாக்‌ஷனின் கனம், பித்தளை டபராவின் சூடு ஆகியவற்றை வியந்து பேசும் இவ்வெழுத்துகளில் காப்பி குடிப்பவர் வெறும் நாக்காக மட்டுமே தோன்றுகிறார். அவர் யார், எங்கே உட்கார்ந்தார், எந்தப் பாத்திரத்தில் அவருக்குக் காப்பி வந்தது, காசை எப்போது கொடுத்தார் என்பவை பின்னுக்குப் போய்விடுகின்றன. காப்பியின் சமூக வரலாற்றை எழுதியவர்கள் சாதியையும் வர்க்கத்தையும் விரிவாகப் பேசியிருக்கிறார்கள் என்றாலும், ஒருவர் ஒரு கடையை 'நம்ம கடை' என்று உரிமையோடு சொல்வதற்கும், வேறொருவர் அதே கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதற்கும் இடையே உள்ள தொடர்பு போதிய அளவு ஆராயப்படவில்லை.

இக்கட்டுரை அந்தத் தொடர்பையே எடுத்துக்கொள்கிறது. சிறுநகரக் காப்பிக் கடையில் வாடிக்கையாளருக்கு நிறைவு தருவது எது, அந்த நிறைவு கடைக்கு வரும் எல்லோருக்கும் ஒரே விதமாகக் கிட்டியிருக்கிறதா என்பவை இதன் கேள்விகள். இங்கு இரண்டு சொற்கள் வரையறுத்துக் கையாளப்படுகின்றன. கடைக்காரர் ஒருவரை முகத்தோடு மட்டுமன்றி, தெரு, குடும்பம், வேலை, சாதி ஆகியவற்றோடும் சேர்த்து அறிந்திருப்பதும், அந்த அறிவுக்கேற்ப அவரை நடத்துவதும் 'அறிமுகம்' எனப்படுகிறது. ஒரே விலை கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே காப்பியை, ஒரே வகைப் பாத்திரத்தில், ஒரே இடத்தில் பெறுவது 'சமத்துவம்' எனப்படுகிறது. காப்பிக் கடையைக் கொண்டாடுபவர்கள் இவ்விரண்டையும் ஒன்றுபோலப் பேசுவது வழக்கம்; ஆனால் கடையின் வரலாற்றில் இவை பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் இழுத்திருக்கின்றன என்பதும், சமத்துவம் வந்த இடங்களிலெல்லாம் அது அறிமுகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஆய்வின் களம் காவிரிப் படுகையைச் சேர்ந்த கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி போன்ற ஊர்கள். 1866இல் நகராட்சியாகி 2021இல் மாநகராட்சியான கும்பகோணத்தைச் சிறுநகரம் என்பது நிர்வாகக் கணக்கில் பொருந்தாது. எனினும் கல்லூரி, நீதிமன்றம், கோயில், பாத்திரப் பட்டறை, வெற்றிலை மண்டி ஆகியவை ஒருவர் நடந்தே போய்வரும் தொலைவுக்குள் அமைந்து, கடைக்காரருக்குத் தெரியாத முகம் என்பது அரிதாக இருந்த ஊர் என்ற அளவில் அது இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தேநீர்க் கடை பற்றிய சான்றுகளும் தேவையான இடங்களில் சேர்க்கப்படுகின்றன. இன்றைய சிறுநகரத்தில் இரண்டுக்கும் இடையே கறாரான கோடு கிழிக்க முடியாது.

2. இதுவரை வந்த விளக்கங்கள்

வாடிக்கையாளர் அனுபவம் என்ற பொருளை முறையாக அளக்க முயன்ற துறை சந்தையியல். பரசுராமன், ஸைதமல், பெர்ரி ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட 'சர்வ்குவால்' என்னும் அளவுகோல் இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் அவர் பெற்றதாக உணர்ந்ததற்கும் இடையிலான இடைவெளியே சேவையின் தரம் என்று அது கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் வசதிகள், நம்பகம், உடனடிக் கவனிப்பு, பணியாளர் தரும் உறுதிப்பாடு, தனிப்பட்ட அக்கறை ஆகிய ஐந்து கூறுகளாக அதைப் பிரித்து அளக்கிறது. இந்த அளவுகோலின் பலவீனம் அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது: எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்று அது கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடைக்கு வெளியே நின்று காப்பி வாங்கியவர் உள்ளே உட்காரலாம் என்று எதிர்பார்க்காதபோது, எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடைவெளியே இல்லை என்று அந்தக் கணக்கு காட்டிவிடும்.

இரண்டாவது விளக்கம் அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் முன்வைத்த 'மூன்றாம் இடம்' என்ற கருத்து. வீடு முதல் இடம், பணியிடம் இரண்டாம் இடம், இவ்விரண்டின் பொறுப்புகளும் இல்லாமல் மக்கள் கூடிப் பேசும் காப்பிக் கடை, முடிதிருத்தகம் போன்றவை மூன்றாம் இடம் என்பது இதன் சாரம். அங்கே தகுதி வேறுபாடுகள் வாசலிலேயே கழற்றி வைக்கப்படுகின்றன என்றும், வழக்கமாக வருபவர்களே அந்த இடத்துக்கு உயிர் தருகிறார்கள் என்றும் அவர் ஒரே மூச்சில் சொல்கிறார். வழக்கமாக வருபவர்கள் ஓர் இடத்தைத் தங்களுடையதாக்கிக்கொள்ளும்போது புதியவருக்கும் விலக்கப்பட்டவருக்கும் அது என்னவாகிறது என்ற கேள்வியை அவர் வலுவாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, யூர்கன் ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய நூலோடு அறியப்படும் 'பொதுமண்டலம்' என்ற கோட்பாடு. அரசுக்கும் குடும்பத்துக்கும் நடுவே, தனிமனிதர்கள் கூடிப் பொது விவகாரங்களைத் தர்க்கத்தின் வலிமையால் விவாதிக்கும் வெளி என்று அதைச் சுருக்கலாம். 17, 18ஆம் நூற்றாண்டு இலண்டனின் காப்பி இல்லங்கள் அதற்கு அவர் காட்டிய முக்கிய எடுத்துக்காட்டு. அந்த இல்லங்களில் நடந்த பேச்சுக்கு அஞ்சி இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் அவற்றை மூடச் சொல்லி ஆணை பிறப்பித்ததும், எதிர்ப்பு கிளம்பவே சில நாள்களில் அதைத் திரும்பப் பெற்றதும் இக்கோட்பாட்டுக்கு வலு சேர்க்கும் நிகழ்வுகள். பெண்களையும் உழைக்கும் மக்களையும் விலக்கி வைத்தே இந்தப் பொதுமண்டலம் உருவானது என்று நான்சி ஃப்ரேசர் 1990இல் எழுப்பிய மறுப்பும், இலண்டன் காப்பி இல்லங்கள் ஹேபர்மாஸ் கருதிய அளவுக்குத் திறந்தவையாகவோ ஒழுங்கானவையாகவோ இருக்கவில்லை என்று பிரையன் கோவன் 2005இல் காட்டியதும் சேர்ந்து, அந்தச் சித்திரத்தை வெகுவாகத் திருத்திவிட்டன. தமிழ்க் காப்பிக் கடைக்கு இந்தக் கோட்பாட்டை அப்படியே எடுத்துவந்து ஒட்டும் எழுத்துகள் இத்திருத்தங்களைக் கணக்கில் கொள்வது குறைவு.

தமிழ்ச் சூழலுக்கு நேரடியாகப் பயன்படுவது ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆய்வு. 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தலைப்பில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த நூலில், நீராகாரத்தையும் பழையதையும் காப்பி ஒதுக்கியபோது எழுந்த பதற்றங்களையும், காப்பி பிராமண நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளர் பானமாகவும் பிரிந்த விதத்தையும் அவர் விளக்குகிறார். பானத்தின் பண்பாட்டுப் பொருள் அவரது மையம் என்பதால், கடையில் நடக்கும் பரிமாற்றத்தின் நுட்பங்களை அங்கிருந்து மேலே எடுத்துச் செல்ல இடமிருக்கிறது.

3. கேட்காமலே வரும் காப்பி

காப்பிக் கடையின் சமையற்கட்டைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அறிமுகம் எப்படி வேலை செய்கிறது என்பது தெரியும். மேல் பாத்திரத்தின் அடியில் துளைகள் கொண்ட பெரிய பில்டரில், அரைத்த பொடியைப் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் கீழ்ப் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குவது முதல் டிகாக்‌ஷன். தஞ்சைப் பகுதியில் அதன் கனத்தைப் புகழ 'கள்ளிச் சொட்டு' என்பார்கள். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் வருவது இரண்டாம் டிகாக்‌ஷன்; நிறம் இருக்கும், மணம் இராது. வியாபாரக் கணக்கில் இரண்டாவதை முதலாவதோடு கலந்தோ, கூட்டம் மிகுந்த வேளையில் தனித்தோ பயன்படுத்தாமல் கடை நடத்துவது எளிதல்ல. ஒரு குறிப்பிட்ட காலையில் முதல் டிகாக்‌ஷன் இத்தனை டம்ளருக்குத்தான் வரும் என்றால், அது யாருக்குப் போகும் என்பதைக் காப்பி கலக்கும் மாஸ்டர் தீர்மானிக்கிறார்.

வழக்கமாக வருபவர் படியேறும்போதே அவருக்குரியது தயாராகிவிடுகிறது. ஒருவருக்கு ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி. இன்னொருவருக்கு லைட்டாக, ஆற்றாமல், நுரை இல்லாமல். சர்க்கரை நோய் வந்துவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியருக்குச் சர்க்கரையே இல்லாமல். சப்ளையர் உள்ளே பார்த்துச் சொல்வதுகூட இல்லை. பால் பொங்கி அடங்கியதும் முதல் ஊற்று யாருக்கு, ஏடு படிந்த பிந்தைய பால் யாருக்கு என்பதிலும் இந்தக் கணக்கு உண்டு. பழக்கமில்லாத முகம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தால் காப்பி தாமதமாகாது, தூக்கி எறியப்படாது, விலையும் கூடாது. ஆனால் அது 'பொதுக் காப்பி'யாக இருக்கும்.

இதைத் தற்செயலான சலுகை என்று ஒதுக்கிவிட முடியாது. பாலில் தண்ணீர் கலப்பதும் காப்பித் தூளில் சிக்கரி மிகுவதும் வாடிக்கையாளரின் நெடுநாளைய ஐயங்கள். பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் கடைகளில் ஒருகாலத்தில் நம்பிக்கைச் சின்னமாகவே இருந்தது. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதும், கலவை விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பதும் உணவுச் சட்டத்தின் விதிகள். பொட்டலத்துக்குத்தான் அச்சு; டம்ளரில் வந்து சேரும் காப்பியில் எதுவும் எழுதியிராது. அங்கே தரத்துக்கு உத்தரவாதம் கடைக்காரரின் முகம் மட்டுமே. கும்பகோணம் காப்பியின் பெருமையைப் பேசும் வாய்மொழி மரபு லட்சுமி விலாஸ் என்ற கடையையும் பஞ்சாமி ஐயர் என்ற பெயரையும் சுற்றிவருவதும், அந்தப் பேச்சில் அன்றாடம் கறந்த பாலுக்கு முதலிடம் கிடைப்பதும் இந்த நம்பிக்கைப் பொருளாதாரத்தை வைத்துப் பார்த்தால் புரிகின்றன.

பற்று நோட்டு இதே அறிமுகத்தின் எழுத்து வடிவம். மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவுக்கும், ஜவுளிக் கடைச் சிப்பந்திக்கும், வழக்கு நாளில் வந்துபோகும் கட்சிக்காரரை நம்பியிருக்கும் வக்கீல் குமாஸ்தாவுக்கும் பக்கம் ஒதுக்கி எழுதப்பட்ட கணக்கு, 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகைக்கு நேர் கீழே, கல்லா மேசையின் இழுப்பறையில் இருந்தது. பலகை அறியாதவர்களுக்கு; நோட்டு அறிந்தவர்களுக்கு. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய ஒருவரின் வீடு, வேலை, சொந்தம், பெயர் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். காப்பிக் கடையின் வாடிக்கையாளரில் ஒரு பங்கினர் கடைக்கே வராதவர்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்: நகைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் தூக்கிலும் பிளாஸ்கிலும் காப்பி போயிற்று, கணக்கு நோட்டில் ஏறிற்று. இந்தத் தூக்கைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை உணவகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்ட பிறகே இக்காட்சி அருகத் தொடங்கியது. அன்பான காப்பிக் கடை பற்றிய நினைவுகளில் இச்சிறுவர்கள் அரிதாகவே இடம் பெறுகிறார்கள்.

4. இருக்கையும் குவளையும்

சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்து வைத்திருக்கும் அதே நினைவுதான் சாதி எது என்பதையும் தெரிந்து வைத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழக நகரங்களின் காப்பி கிளப்புகளும் சிற்றுண்டிச் சாலைகளும் பெரும்பாலும் பிராமணர்களால் நடத்தப்பட்டன; சமைப்பவரின் சாதி எல்லோருக்கும் ஏற்புடையது என்பதே அத்தொழிலின் மூலதனம். 'பிராமணாள்' என்ற சொல் பலகையில் சமையலின் சுத்தத்துக்கு விளம்பரமாகவும், உள்ளே யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு அறிவிப்பாகவும் ஒருங்கே நின்றது. பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்ற பிரிவினை இரயில் நிலைய உணவு விடுதிகளிலும் இருந்தது. சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1940களின் தொடக்கத்தில் அது அங்கே கைவிடப்பட்டது. பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் முன் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீண்டது, நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது என்று கருதிவிட முடியாது. 2012இல் திருவரங்கத்தில் ஓர் உணவகப் பலகையில் அது மீண்டும் தோன்றியபோதும் போராட்டம் நடந்தது.

இப்போராட்டங்களைப் பற்றிய எழுத்தில் ஒரு மயக்கம் உண்டு. பிராமணர்–மற்றவர் என்ற பிரிவினை ஒழிந்ததைக் கடை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகக் கொள்வது சரியல்ல. 'மற்றவர்' என்ற வகைக்குள் பல இடங்களில் தலித்துகள் சேர்க்கப்படவே இல்லை; அவர்களுக்குக் கடையின் உள்ளே இடம் ஒதுக்கப்பட்டிருந்தால்தான் அது பிரிக்கப்பட்டிருக்க முடியும். சட்டம் இதை முன்னரே தொட்டிருந்தது: 1938ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் பொது இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு இருந்த தடைகளை நீக்க முற்பட்டது; அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடைகள், பொது உணவகங்களில் நுழையச் சாதி தடையாகக் கூடாது என்றது; 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 1955ஆம் ஆண்டின் சட்டம் அதைக் குற்றமாக்கித் தண்டனை வகுத்தது. இத்தனைக்கும் பிறகும் ஊர்ப்புறத் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை நீடித்தது.

இரட்டைக் குவளை முறை என்பது தலித்துகளுக்கு என்று தனி டம்ளர் அல்லது தனி வகைப் பாத்திரம் வைத்திருப்பது. பல ஊர்களில் முன்பு கொட்டாங்கச்சியும் இதற்குப் பயன்பட்டது. தனி டம்ளர் கூரையின் கீழ் மூங்கிலில் மாட்டப்பட்டோ, திண்ணை ஓரத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டோ இருக்கும். குடிப்பவர் அதைத் தானே எடுத்து, நீட்டிப் பிடித்து, மேலிருந்து ஊற்றப்படும் பானத்தை வாங்கி, நின்றோ குந்தியோ குடித்துவிட்டு, தானே கழுவி அதே இடத்தில் வைக்க வேண்டும். காசு மட்டும் மற்றவர் கொடுத்ததே. இந்தியாவின் 11 மாநிலங்களில் 565 ஊர்களில் நடந்த கள ஆய்வை அடிப்படையாகக் கொண்டு கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட் முதலியோர் 2006இல் வெளியிட்ட நூலும், அடுத்த ஆண்டு முதல் தமிழகத்தில் தீண்டாமை ஒழிப்பு முன்னணி நடத்திய கள ஆய்வுகளும் இவ்வழக்கம் நிகழ்காலத்தைச் சேர்ந்தது என்பதை ஐயத்துக்கு இடமின்றிப் பதிவு செய்தன.

இங்கே கவனிக்க வேண்டியது இதன் இயங்குமுறை. பெருநகரத்தில் முன்பின் தெரியாத கடைக்குள் நுழைபவரின் சாதியைச் சப்ளையர் அறிய வழியில்லை. அவருக்கென்று தனி டம்ளரை எடுத்து நீட்டவும் முடியாது. ஊரில் இது முடிந்ததற்குக் காரணம் அறிமுகம். எந்தத் தெருவிலிருந்து வருகிறார், யாருடைய மகன் என்று தெரிந்ததால்தான் ஒருவருக்குக் கேட்காமலே ஸ்ட்ராங் காப்பியும், இன்னொருவருக்குக் கேட்காமலே ஓரத்து டம்ளரும் வந்தன. இரண்டையும் வெவ்வேறு மனநிலைகளின் விளைவாக, ஒன்றை அன்பாகவும் மற்றொன்றை வெறுப்பாகவும் பிரித்துப் பார்ப்பது கடைக்காரரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக முடியும். கடை எப்படி நடந்தது என்பதை அது விளக்காது.

சான்றுகளைப் பார்க்கும்போது நகரத்துக்கும் ஊர்ப்புறத்துக்கும் இடையே ஒரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். சிறுநகரத்துப் பிராமண ஓட்டலில் பிரிவினை பலகையிலும் தடுப்பிலும் வெளிப்படையாக இருந்ததால் இயக்கம் அதைக் குறிவைக்க முடிந்தது. ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளின் உரிமையாளர்கள் பெரும்பாலும் இடைநிலைச் சாதியினர். அங்கே பலகை ஏதுமில்லை, டம்ளர் இருந்த இடமே அறிவிப்பு. பிராமணர் அல்லாதார் அரசியல் முந்தையதைத் தகர்த்த வேகத்தில் பிந்தையதைத் தொடவில்லை என்ற விமர்சனம் தலித் சிந்தனையாளர்களிடமிருந்து வருவது; மேற்கண்ட கள ஆய்வுகளை வைத்துப் பார்க்கையில் அதை மறுப்பது கடினம்.

5. பேச்சுக்கு எவ்வளவு இடம்

காப்பிக் கடையைத் தமிழ்ப் பொதுமண்டலம் என்று சொல்பவர்கள் முதலில் காட்டுவது நாளிதழை. சி. பா. ஆதித்தனார் 1942இல் தொடங்கிய 'தினத்தந்தி' எளிய மொழியிலும் பெரிய தலைப்புகளிலும் செய்தி தந்து, ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் தேநீர்க் கடை வாசிப்பை வளர்த்தது பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. 'தினமலர்' நாளிதழின் 'டீக்கடை பெஞ்ச்' பகுதி அந்தப் பேச்சின் சாயலையே அச்சுக்குக் கொண்டுவந்தது. ஃபிரான்சிஸ் கோடி 2011இல் எழுதிய ஆய்வுரை இப்பகுதியை எடுத்துக்கொண்டு, தேநீர்க் கடைப் பேச்சும் நாளிதழும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்கின என்று ஆராய்கிறது. அரசியல் பேச்சு கடைகளில் இருந்தது, இருக்கிறது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

கேள்வி, அந்தப் பேச்சு பேசியவர்களைச் சமமாக்கியதா என்பது. 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று கடைக்காரர்கள் எழுதி வைத்த பலகை இதற்கு எதிரான ஒரு சிறு சான்று. அரசியல் பேச்சு சண்டையில் முடியும். சண்டை வியாபாரத்தைக் கெடுக்கும். அதைவிட முக்கியமாக, ஒரே காப்பிக்கு ஒரு மணி நேரம் பெஞ்சை அடைத்துக்கொள்பவர் அடுத்தவரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். கடைக்காரரின் பார்வையில் விவாதம் செலவுக் கணக்கில் சேர்வது. மேலும், பெஞ்சில் உட்கார முடிந்தவர்தான் பேச்சில் சேர முடியும். நின்று குடித்துவிட்டு நகர வேண்டியவருக்கு, நாளிதழின் ஒரு தாள்கூடக் கைக்கு வராத இடத்தில், பொதுமண்டலம் என்பது காதில் விழுந்த பேச்சு மட்டுமே.

இந்திய காப்பி ஹவுஸ் இவ்விதத்தில் வேறுபட்ட எடுத்துக்காட்டு. காப்பி விற்பனையைப் பெருக்க 1930களில் அரசுசார் அமைப்பால் தொடங்கப்பட்ட இந்தக் கடைகளைக் காப்பி வாரியம் 1950களில் மூட முற்பட்டபோது, ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து 1957 முதல் அவற்றைத் தாங்களே ஏற்று நடத்தினர். அங்கே நெடுநேரம் உட்கார்ந்து பேசும் மரபு வளர முடிந்ததற்கு, நாற்காலியின் வாடகையைக் கணக்குப் பார்க்கும் முதலாளி இல்லை என்பது ஒரு காரணம். கேரளத்திலும் வேறு நகரங்களிலும் வேரூன்றிய அந்த வடிவம் காவிரிப் படுகையின் காப்பிக் கடைக்கு முன்மாதிரியாகவில்லை.

பெண்களைப் பற்றி இந்த இலக்கியத்தில் கிடைப்பது சொற்பம். அதுவே ஒரு செய்தி. திரையிட்ட 'ஃபேமிலி ரூம்' பெண்களுக்கு ஓட்டலில் இடம் தந்தது, ஆனால் கணவனோடோ குடும்பத்தோடோ வந்த பெண்ணுக்கு. தனியே வந்து, வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் காப்பி குடிக்கும் பெண்ணைச் சிறுநகரக் கடை எதிர்பார்க்கவில்லை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, மும்பையில்கூடப் பெண்கள் பொதுவெளியில் இருப்பதற்கு ஏதேனும் ஒரு வேலையைக் காரணமாகக் காட்ட வேண்டியிருப்பதை விளக்குகிறது. ஊரறிந்த முகமாக இருப்பது ஆணுக்கு முதல் டிகாக்‌ஷனைப் பெற்றுத் தருகிறது; பெண்ணுக்கு அதே அறிமுகம் வீட்டுக்குச் செய்தியாகப் போய்ச் சேர்கிறது. பேருந்து நிலையத்துக் கடையில் நின்று குடிப்பது அவர்களில் பலருக்கு எளிதாக இருப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

6. டோக்கனும் தாள் குவளையும்

மேற்சொன்னவற்றிலிருந்து, சமத்துவம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று பார்க்க வேண்டும். சட்டமும் இயக்கமும் கதவைத் திறந்தன என்பது உண்மை. ஆனால் நாள்தோறும் நடக்கும் பரிமாற்றத்தில் வேறுபாட்டைக் குறைத்தவை பெரிதும் வியாபார ஏற்பாடுகள்: முதலில் காசு கொடுத்து டோக்கன் வாங்குவது, உயர மேசையின் முன் நின்று குடிப்பது, தன் காப்பியைத் தானே எடுத்துக்கொள்வது. டோக்கனுக்கு ஊரும் தெருவும் கிடையாது. அதைப் பார்த்துக் காப்பி கலக்குபவர் கொடுத்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியதும் இல்லை. இடநெருக்கடிக்காகவும் ஆள்கூலியைக் குறைக்கவும் வந்த இம்முறை, யாருடைய நோக்கமாகவும் இல்லாமல், வரிசையில் நிற்கும் எல்லோரையும் ஒன்றாக்கியது.

நெடுஞ்சாலைகளில் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பலகையோடு பெருகியுள்ள கடைகள் இந்தப் போக்கின் உச்சம். பித்தளை டபரா செட்டும் ஓலைக் கூரையும் ஊர்க் கடையின் நெருக்கத்தை நினைவூட்ட வைக்கப்பட்டவை. வருபவர்களோ பத்து நிமிடத்தில் கிளம்பிப்போகும் கார்ப் பயணிகள். அங்கே கடைக்காரருக்கு யாரையும் தெரியாது. தெரியாததால்தான் எல்லோருக்கும் ஒரே பளபளப்பான டபரா கிடைக்கிறது. இக்கடைகளைப் போலி என்று ஊர்க்காரர்கள் எள்ளுவது வழக்கம். பானத்தைப் பொறுத்தவரை அந்த எள்ளலில் நியாயம் இருக்கலாம். சொந்த ஊரில் பித்தளை டம்ளரைத் தொட முடியாதிருந்தவருக்கு, பெயர் கேட்கப்படாமல் அது நீட்டப்படுவதை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது.

செல்பேசிவழிப் பணம் பற்று நோட்டின் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. 2016இல் அறிமுகமான யுபிஐ முறை ஒட்டுப்படமாகக் கல்லாவுக்கு வந்தபின், வந்த தொகையைச் சிறு ஒலிப்பெட்டி உரக்கச் சொல்கிறது. யார் கொடுத்தார் என்பது கடைக்காரருக்குத் தேவைப்படுவதில்லை. மாதக் கடைசியில் கையில் காசில்லாதவருக்கு இதனால் ஓர் இழப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒலிப்பெட்டி கடன் தராது.

பாத்திரத்தின் கதைதான் இவற்றில் மிகச் சிக்கலானது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் குவளை பரவியபோது, கழுவுகூலி மிச்சம், எச்சில் பயம் இல்லை என்ற காரணங்களோடு, இரட்டைக் குவளைப் புகாரிலிருந்து தப்பும் வழியாகவும் அது சில கடைகளுக்குப் பயன்பட்டது. எல்லோருக்கும் தாள் குவளை என்றால் பாகுபாடு போனது. தலித்துகளுக்கு மட்டும் தாள் குவளை, மற்றவர்க்குக் கண்ணாடி டம்ளர் என்றால் பழைய முறை புதிய பொருளில் தொடர்ந்தது. களத்தில் இரண்டும் பதிவாகியுள்ளன. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய நெகிழித் தடையில் நெகிழிக் குவளைகளோடு நெகிழி பூசிய தாள் குவளைகளும் அடங்கும். கண்டிப்பாகச் செயல்பட்டிருந்தால் கடைகள் கழுவிப் பயன்படுத்தும் டம்ளருக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒரே டம்ளரை எல்லோரும் பயன்படுத்தும் நிலை ஏற்பட்டிருக்கும். தடை தளர்ந்த நிலையில் 2020இன் கொரோனா பெருந்தொற்று வந்து, தாள் குவளையைச் சுகாதாரத்தின் அடையாளமாக்கிவிட்டது.

ஆய்வாளருக்கு இதனால் எழும் இடர் சிறிதன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் கள ஆய்வுக்குச் சென்றவர்கள் கடையின் டம்ளர்களை எண்ணினார்கள், அவை வைக்கப்பட்டிருந்த இடத்தைக் குறித்தார்கள், படமெடுத்தார்கள். சட்டத்தின் முன் நிறுத்தக்கூடிய சான்றாக அந்த இரண்டாவது டம்ளர் இருந்தது. இன்று குடித்து முடித்ததும் எல்லாக் குவளைகளும் ஒரே குப்பைக் கூடையில் விழுகின்றன. ஒரு கடையில் தாள் குவளை மட்டுமே இருக்கிறது என்பது அங்கே பாகுபாடு ஒழிந்ததையும் காட்டலாம், அது கண்ணுக்குத் தெரியாமல் போனதையும் காட்டலாம். யார் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் மரத்தடியில் நிற்கிறார்கள், காசு கையில் வாங்கப்படுகிறதா மேசையில் வைக்கப்படுகிறதா, பழைய டபரா செட் இன்னும் யாருக்காக உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பவற்றை ஒரே கடையில் பல நாள்கள், பல வேளைகளில் உட்கார்ந்து குறித்தாலொழிய இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. டம்ளர்களை எண்ணும் முறையைக் கொண்டு, சிறுநகரங்களில் இரட்டைக் குவளை குறைந்துவிட்டது என்று இனி அறிவிக்கப்படும் முடிவுகளை அப்படியே ஏற்பதற்கில்லை.